இரண்டாம் பூச்சு

"குழந்தை இங்க இருக்கட்டும். அவளை மட்டும் கிளம்பச் சொல்லு" என்றாள் மாமியார்.

மருமகள் ஐந்தடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் அவளிடம் சொல்ல வேண்டியதை மகன் வழியாகச் சொல்லி அனுப்புவதுதான் அந்த வீட்டு முறை. ஆறு வருடமாக அப்படித்தான்.

மகன் கையில் ஆஸ்பத்திரிக் காகிதத்தை வைத்துக்கொண்டு மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தான். படிக்கும் வரையில் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? காகிதத்தில் நான்கே வரிகள். நான்கு வயதுப் பெண் குழந்தையின் இரத்தத்தில் காரீயம் கலந்திருக்கிறது. அளவு நாற்பத்து நான்கு. ஐந்தைத் தொட்டாலே கவலைப்பட வேண்டும். வீட்டிலுள்ள அனைவரும் உடனே சோதித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் குழந்தை போன வருடம் காக்கைக்கும் பூனைக்கும் சண்டை மூட்டிக் கதை கதையாகச் சொன்ன குழந்தை. இப்போது 'வேணாம்', 'வலி' என்று ஒற்றைச் சொல்லாகப் பேசியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தது. யாராவது தூக்கி உட்கார வைத்தால், வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. 

"காரீயம் எங்க இருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல? பழைய பேட்டரி, பழைய பெயிண்ட், பழைய இரும்பு. நம்ம வீட்டுல பழைய இரும்புக் கிடங்குக்குப் போறது யாரு? நானா, உங்கப்பாவா?" என்றாள் மாமியார்.

"எல்லாரும் ரத்தம் குடுத்துட்டு வரலாம்மா. காகிதம் வந்தா தெரிஞ்சுடும்."

"குடுத்துட்டு வருவோமே. எனக்கென்ன பயம்?"

நாற்காலியில் சாய்ந்திருந்த மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பத்தாறு வருடம் அரசாங்கத்தில் கலப்பட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலில் தண்ணீர், தேயிலையில் மரத்தூள், எண்ணெயில் எண்ணெய் என்று ஊரில் அவர் பிடிக்காத கலப்படம் கிடையாது. "சோதனை பண்ணாம யாரையும் குற்றம் சொல்லக் கூடாது" என்றார். பிறகு, "ஆனா முடிவு எப்படி வரும்னு எனக்குத் தெரியும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

மருமகள் வேலை பார்த்தது ஒரு பழைய உலோகக் கிடங்கில். உடைந்த குழாய், எந்திரச் சில்லு, கம்பி, தகடு என்று வண்டி வண்டியாக வந்து குவியும். எதில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. அதற்கு ஒரு கருவி உண்டு. பார்ப்பதற்குத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். அதன் மூக்கை உலோகத்தில் வைத்து விசையை அழுத்தினால், செம்பு இவ்வளவு, நிக்கல் இவ்வளவு, காரீயம் இவ்வளவு என்று சின்னத் திரையில் கொட்டிவிடும். அதை இயக்கத் தேர்வெழுதி உரிமம் வாங்கியவள் அந்தக் கிடங்கில் அவள் ஒருத்திதான். அங்கே அவளுக்குத் 'துப்பாக்கி' என்றே பெயர். "துப்பாக்கி பாத்துச் சொல்லட்டும்" என்றால் லாரிக்காரர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

வீட்டில் அவளுக்குப் பெயர் 'இவ'.

வேலை முடிந்து வந்தால் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும். குளித்து, துணி மாற்றி, தலையைத் துவட்டிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்கலாம். கிடங்கு அழுக்கு வீட்டுக்குள் வரக் கூடாது என்பது காரணம். நல்ல காரணம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. விடுமுறை நாளில் கடைக்குப் போய்ப் பழம் வாங்கி வந்தாலும் அதே பின்வாசல்தான் என்பதில்தான் விஷயம் வெளிப்பட்டது. கிடங்கு அவள் வேலைக்குச் சேர்ந்த இடம். அவர்கள் பார்த்த அழுக்கு அவள் பிறந்த இடத்தில் இருந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கத்துத் தெருவில் பிறந்தவளை ஒற்றைப் பிள்ளை காதலித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். பிள்ளையை விட முடியவில்லை, ஆகவே மருமகளைச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்துக்கொண்டார்களே தவிர, கலந்துகொள்ளவில்லை. அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், பின்கட்டு ஜன்னலில் தனி பிளாஸ்டிக் ஜாடி. அவளிடம் கொடுக்க வேண்டியதைக் கீழே வைப்பார்கள், அவள் எடுத்துக்கொள்வாள்.

குழந்தை மட்டும் 'நம்ம ரத்தம்'. குழந்தைக்கு எல்லாமே முன்கட்டில்தான்.

மூவரும் அவளும் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். மூன்றாம் நாள் முடிவு வந்தது. மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மகன் படித்தான்.

"அப்பாவுக்கு முப்பத்தேழு. அம்மாவுக்கு இருபத்தொன்பது. எனக்கு இருபத்தாறு." நிறுத்தினான். "அவளுக்கு... நாலு."

"நாப்பத்தி நாலா?"

"இல்லம்மா. நாலு. வெறும் நாலு."

மகன் காகிதத்தை அம்மா பக்கம் திருப்பிக் காட்டினான். முகமூடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் உள்ளே விடாத கிடங்கு அது. பேட்டரியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதையெல்லாம் மருமகள் ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருந்தாள், யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது காகிதமே சொன்னது. வேறு வீடாக இருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

மாமியார்தான் முதலில் தெளிந்தாள். "பாத்தீங்களா. எல்லாத்தையும் நம்ம மேல தட்டி விட்டுட்டு, தான் மட்டும் சுத்தமா இருக்கா."

மாமனார் மெல்லத் தலையை ஆட்டினார். முப்பத்தாறு வருட அனுபவம் பேசியது. "தினம் புழங்கறவங்களுக்கு உடம்பு பழகிப் போயிடும். ஒட்டாது. பழகாத உடம்புலதான் போய் ஏறும். சுத்தமான துணியிலதானே கறை நல்லாத் தெரியும்?"

அவர் பிடித்த பால்காரர்களில் எத்தனை பேர் இப்படித் தண்டனை வாங்கினார்களோ, தெரியாது.

"நாளைக்குக் காலையில அவ அம்மா வீட்டுக்குப் போகட்டும். பாப்பா இங்க இருக்கும். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பாப்போம். குறைஞ்சிருந்தா..." என்று நிறுத்தினார் மாமனார். குறைந்திருந்தால் என்ன என்பதைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் காகிதத்தை நான்காக மடித்துக்கொண்டிருந்தான். மடிக்கிற வேலையில் ரொம்பக் கவனமாக இருந்தான்.

"சரி மாமா. காலையில என் துணியை நானே எடுத்து வெச்சுக்கறேன்" என்றாள்.

பின்கட்டுக்குப் போய்த் தன் ஜாடியிலிருந்து தண்ணீரை ஊற்றிக் குடித்தாள்.  பிறகு, கிடங்கில் குவியலின் முன்னால் நிற்பதைப் போல நின்று யோசித்தாள். நாலு பேர் உடம்பில் ஏறுகிறது, தனக்கு ஏறவில்லை. அப்படியென்றால் அவர்களுக்குக் கிடைத்துத் தனக்குக் கிடைக்காத ஏதோ ஒன்றில் அது இருக்கிறது. இந்த வீட்டில் தனக்குக் கிடைக்காதது எது என்று யோசித்தாள். பட்டியல் நீளமாகத்தான் வந்தது. ஆனால் வாய் வழியாக வயிற்றுக்குள் போவது அதில் ஒன்றே ஒன்றுதான்.

சமையலறை மூலையில் ஒரு செம்புப் பானை இருந்தது. மாமியார் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. அவள் அதைத் தொடக் கூடாது. தினமும் படுக்கப் போகுமுன் மாமனார் அதில் தண்ணீரை நிரப்பி, ஆறு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, தேன் ஊற்றி மூடி வைப்பார். காலையில் வெறும் வயிற்றில் ஆளுக்கு ஒரு டம்ளர், அவருக்கு மட்டும் இரண்டு. 'ரத்தசுத்தி' என்று அவரே பெயர் வைத்திருந்தார். "ரத்தத்துல இருக்கற கசடெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிடும்" என்பார். குழந்தை முகத்தைச் சுளித்தால் மூக்கைப் பிடித்து ஊற்றுவார், பாசத்தோடுதான். குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனதிலிருந்து சாயங்காலமும் அரை டம்ளர் கொடுத்துவந்தார்.

அந்தப் பானையை அவள் ஒரே ஒரு முறை தொட்டிருக்கிறாள். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு பகல் வேளை. குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி, கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. குழாயில் தண்ணீர் நின்று போயிருந்தது, ஜாடியும் காலி. அவள் சமையலறைக்குள் ஓடி, பானையில் மிச்சமிருந்த தண்ணீருக்குள்ளேயே துணியை முக்கி எடுத்துக் குழந்தையின் நெற்றியிலும் மார்பிலும் போட்டாள். காய்ச்சல் இறங்கியது. மாமியார் திரும்பி வந்தபோது குழந்தை பிழைத்திருந்தது, பானை கெட்டுப் போயிருந்தது. முதல் விஷயத்துக்கு அன்று ஒரு நாள் மகிழ்ச்சி. இரண்டாவது விஷயத்துக்கு ஒரு வாரம் பேச்சு.

பானையைக் கழுவினால் போதாது என்று முடிவாயிற்று. கலாய்க்காரனைக் கூப்பிட்டார்கள். செம்புப் பாத்திரத்தின் உள்ளே வெள்ளீயத்தை உருக்கிப் பூசுவது அவன் தொழில். மாமனார் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"பழைய பூச்சு ஒரு பொட்டு மிஞ்சக் கூடாது. முழுக்கச் சுரண்டி எடு. நெருப்புல நல்லாக் காட்டு. ரெண்டு பூச்சாப் போடு."

"ஒரு பூச்சே போதும் சார். வருஷக்கணக்கா வரும்."

"ரெண்டு போடுன்னா போடு. உனக்கு விஷயம் தெரியாது."

கலாய்க்காரனுக்கு விஷயம் தெரியாதுதான். அவன் கையில் ஒரு பூச்சுக்குத்தான் வெள்ளீயம் இருந்தது என்பது சாருக்கும் தெரியாது. விலை ஏறிப்போன சரக்கு அது. முதல் பூச்சை ஒழுங்காகவே போட்டான். இரண்டாவதற்கு மிச்சமிருந்த துளியோடு, பைக்குள் கிடந்த பழைய காரீயக் குழாய்த் துண்டை உருக்கிச் சேர்த்தான். பாத்திரம் முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. கலப்பட ஆய்வாளர் உள்ளே எட்டிப் பார்த்து, "இப்பத்தான் சுத்தம்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

மறுநாள் காலை மாமனார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு டம்ளரை அதன் வாயருகே கொண்டுபோனார். மருமகள் முன்கட்டுக்குள் வந்தாள். குளிக்காமல், முன்வாசல் வழியாக வந்தாள். நேரே போய் அவர் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கிக் கைகழுவும் தொட்டியில் கொட்டினாள்.

அவர் கை, டம்ளரைப் பிடித்த வாக்கில் அப்படியே இருந்தது. அந்த வீட்டில் அவர் கையிலிருந்து யாரும் எதையும் பிடுங்கியதில்லை.

"பைத்தியம் பிடிச்சுடுச்சா இவளுக்கு?" என்று மாமியார் எழுந்தாள்.

"பானையைச் சோதிக்கணும் மாமா. அஞ்சு நிமிஷம். தப்புன்னா நான் போயிடறேன், பாப்பாவைக் கேக்க மாட்டேன்" என்றாள் மருமகள்.  சொல்லும்போதே, சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்குப் பட்டது. சொல்லாவிட்டால் விடவும் மாட்டார்கள்.

வாசலில் கார் வந்து நின்றது. அவள் ராத்திரியே போன் செய்து வரச் சொல்லியிருந்த கிடங்கு முதலாளி, கருவிப் பெட்டியோடு இறங்கினார். சட்டைப் பையில் எப்போதும் காந்தத் துண்டு வைத்திருப்பதால் அவருக்குக் 'காந்தம்' என்று பெயர். மாமனார் எழுந்து நாற்காலி போட்டார். மாமியார் நல்ல கோப்பையில் டீ கொண்டுவந்து கையிலேயே கொடுத்தாள். காந்தமும் கால்வாய்க்கு அந்தப் பக்கம் பிறந்தவர்தான். காரில் வந்து இறங்குகிறவரை எந்தத் தெரு என்று யார் கேட்கப் போகிறார்கள்? அவரும் சொல்லவில்லை. டீ நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மாமியார் சமையலறை நிலையை மறித்துக்கொண்டு நின்றாள். "சார் வேணும்னா உள்ள வந்து பாக்கட்டும். இவ வரக் கூடாது."

"எனக்கு இதைத் தொட உரிமை இல்லம்மா. கதிர் வர்ற கருவி. லைசென்ஸ் இருக்கறது உங்க மருமகளுக்குத்தான். நான் வெறும் முதலாளி" என்றார் காந்தம்.

மாமியார் நகரவில்லை. மருமகள் மாமனாரிடம் திரும்பினாள். "மாமா, நீங்க சோதனைக்குப் போனப்போ, மாதிரி எடுக்க விடாம வாசலை மறிச்சுக்கிட்டு நிக்கற கடைக்காரனைப் பத்தி என்ன நினைப்பீங்க?"

மாமனார் சற்று நேரம் தரையைப் பார்த்தார். முப்பத்தாறு வருடத்தில் அப்படி நின்ற கடைக்காரர்களெல்லாம் அவர் கண் முன்னால் வந்து போயிருக்க வேண்டும்.

"வழி விடு" என்றார் மனைவியிடம்.

மருமகள் உள்ளே போனாள். பானையில் மிச்சமிருந்ததைக் கொட்டிவிட்டு அதை ஒருக்களித்துச் சாய்த்தாள். வெளிப்பக்கத்தில் மூக்கை வைத்து அழுத்தினாள். செம்பு, கிட்டத்தட்ட முழுக்கச் செம்பு. பிறகு உள்பக்கத்தில், அடியில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, கழுத்தில் ஒரு முறை. கருவி யாருக்கும் மருமகளும் இல்லை மாமியாரும் இல்லை, பார்த்ததைச் சொன்னது. உள்பூச்சில் மூன்றில் ஒரு பங்கு காரீயம்.

"புளிப்பு பட்டா காரீயம் கரையும் மாமா. ராத்திரி முழுக்க எலுமிச்சம்பழச் சாறு ஊறியிருக்கு."

"கருவி தப்பாக் காட்டலாம்" என்றார் மாமனார். குரலில் பலம் இல்லை.

"நாலு பேர் ரத்தமும் சேந்து தப்பாக் காட்டுமா சார்?" என்றார் காந்தம்.

மாமனார் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார்.  மூக்கைப் பிடித்து ஊற்றியது நினைவுக்கு வந்திருக்கும். அந்த ஒரு நிமிடம் மருமகளுக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்த நிமிடத்தை மாமியார் நீள விடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் விரலை விட்டு மாதங்களை எண்ணினாள். "அப்ப இந்தக் கலாய்தான். இது எதுக்குப் பூசினோம்? இவ தொட்டா. தொட்டதாலதான் பூசினோம். தொடாம இருந்திருந்தா கலாய்க்காரன் இந்த வாசல் பக்கமே வந்திருக்க மாட்டான். ஆக, எப்படிப் பாத்தாலும் இவளாலதான்."

"என்னம்மா இது" என்றான் மகன். ஆறு வருடத்தில் அவன் செய்த மிகப் பெரிய கலகம் அது. அத்தோடு அவன் நிறுத்திக்கொண்டான்.

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அதுலயும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்யுது" என்றார்.

மருமகள் கருவியைப் பெட்டியில் வைத்து மூடினாள். "சரி அத்தை" என்றாள்.

பதினொரு மணிக்கு எல்லோரும் டாக்டரம்மாவின் அறையில் இருந்தார்கள். மருமகள் கருவி காட்டிய அளவுகளை எழுதிய தாளைக் கொடுத்தாள். டாக்டரம்மா படித்துவிட்டு, "நல்ல வேளை. இன்னும் ஒரு மாசம் போயிருந்தா பேச்சு திரும்பறது கஷ்டம். இப்ப மருந்து குடுக்கலாம், தேறிடும்" என்றார். மருமகள் அந்த அறையில் அத்தனை பேர் முன்னால் வாய்விட்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"இது மாதிரி வந்தா சுகாதார அலுவலகத்துக்கு எழுதி அனுப்பணும். இந்தப் படிவத்தை யாராவது ஒருத்தர் நிரப்புங்க" என்று டாக்டரம்மா ஒரு தாளை நீட்டினார்.

மாமனார் கை நீட்டுவதற்குள் மருமகள் வாங்கிக்கொண்டாள். 'விஷம் எதிலிருந்து வந்தது' என்ற இடத்தில் 'செம்புப் பானையின் உள்பூச்சு' என்று எழுதினாள். அடுத்த வரியில், 'அது எவ்வாறு நேர்ந்தது' என்று இருந்தது. அதில் கொஞ்ச நேரம் எழுதினாள். டாக்டரம்மா வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

"'குழந்தையின் உயிரைக் காப்பாற்ற நான் பானையைத் தொட்டதால், என் கை பட்ட தீட்டைப் போக்குவதற்காக வீட்டார் பூசிய இரண்டாம் பூச்சு.'" நிமிர்ந்தார். "தொட்டதாலயா? தொட்டா என்ன ஆகும்?"

கலப்படத்தைப் பற்றி ஒரு மணி நேரம் தொடர்ந்து பேசக் கூடியவர் மாமனார். ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு மருமகள் பக்கம் குனிந்து, "இதெல்லாம் எழுதணுமா? பூச்சுன்னு போட்டாப் போதாதா?" என்றார். அவளிடம் அவர் நேராகக் கேட்டுக்கொண்ட முதல் உதவி அது.

"அத்தை சொன்னதைத்தான் மாமா எழுதியிருக்கேன். நீங்களும் நியாயம்னு சொன்னீங்களே."

"சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும்" என்றார் டாக்டரம்மா. மகன் பேனாவை எடுத்தான். அப்பாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், மனைவியின் எழுத்தைப் பார்த்தான். வெகுநேரம் கழித்துக் கையெழுத்துப் போட்டான். பதற்றத்தில் தன் பெயரிலேயே ஓர் எழுத்தை விட்டுவிட்டான்.

"பாப்பா மூணு மாசத்துக்கு அந்த வீட்டுல இருக்கக் கூடாது. எல்லாப் பாத்திரத்தையும் சோதிச்சு முடிக்கணும். காரீயம் இல்லாத இடம் ஏதாவது இருக்கா?"

"எங்க அம்மா வீடு இருக்கு டாக்டர். கால்வாய்க்கு அந்தப் பக்கம். பாத்திரமெல்லாம் காலையில வர்ற வழியில துப்பாக்கி வெச்சுப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

"நல்லது. முகவரி எழுதுங்க."

அவள் எழுதிக் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். குழந்தை அவள் காதுக்குள், "வீட்டுக்கு" என்றது. "ஆமா" என்றாள்.

ஆஸ்பத்திரி வாசற்படி வரைக்கும் மாமியார் பின்னாலேயே வந்தாள். அழுகை உண்மையான அழுகைதான். பேத்தி மேல் உயிர். ஆனால் அழுகைக்கு நடுவிலும் அவளை ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. ஆறு வருடத்தில் முதல் முறையாக, மகனைத் தேடாமல், மருமகளிடமே கேட்டாள்.

"மூணு மாசம் எப்படி பாக்காம இருப்பேன்? அந்தத் தெருவுக்கு வந்தாகணும். வந்தா, தாகத்துக்கு அங்க ஒரு வாய் தண்ணி குடிக்க முடியுமா என்னால? கையோட கொண்டு வரணுமே."

"வாங்க அத்தை. எப்ப வேணாலும் வாங்க" என்றாள் மருமகள். "தண்ணி மட்டும் உங்க வீட்டுலேருந்து கொண்டு வராதீங்க."